ராமநாதபுரம் கரையோரத்தில் கட்டி முடித்த வீடு வாங்கலாமா?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சாலையில் கிழக்கே போனால், சீமைக் கருவேலங்காட்டை வெட்டித் திருத்திய இடங்களில் கல் நட்டு, கொடி கட்டி, வளைவு வைத்த 'நகர்'கள் வரிசையாக வரும். முன்பு அங்கே மனை மட்டும்தான் விற்றார்கள். இப்போது ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆறு வீடு, பத்து வீடு கட்டிவைத்து, சாவியைக் கையில் தருகிறோம் என்கிறார்கள். கீழக்கரை, தேவிபட்டினம் பக்கமும் இதே காட்சிதான்.

போன சித்திரையில் என் தங்கை மாப்பிள்ளை கத்தாரிலிருந்து அப்படி ஒரு வீட்டின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூன்று சென்ட் மனை, இரண்டு படுக்கையறை, வாசலில் கிரானைட் படி. "மச்சான், நீங்க ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க. புடிச்சிருந்தா அட்வான்ஸ் போட்டுருவோம்" என்றார். எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வீடு பார்க்க நன்றாகவே இருந்தது. டைல்ஸ், பெயின்ட், கதவு எதையும் குறை சொல்ல முடியாது. கொத்தனார் நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். யாரும் குடியேறாத வீடு, குழாய் வாயிலோ அதற்குள் வெள்ளைப் பொருக்கு. ஒரு கை பிடித்து வாயில் வைத்துத் துப்பினார். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க நான் கொண்டுபோயிருந்த டிடிஎஸ் மீட்டரை வைத்தால் மூவாயிரத்தைத் தாண்டியது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கொத்தனாரின் கவலை குடிக்கிற தண்ணீர் பற்றியது இல்லை. "குடிக்கத் தண்ணிய விலைக்கு வாங்கிக்கலாம் தம்பி. இந்தத் தண்ணியிலயா கான்கிரீட் போட்டாக? அதக் கேளுங்க" என்றார்.

இந்தக் கரையில் கட்டி முடித்த வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் வாங்குகிறார்கள்?

இவ்வளவு சிக்கல் இருந்தும் ஏன் வாங்குகிறார்கள் என்றால், காரணங்கள் நியாயமானவை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவருக்கு ஒன்றரை மாத லீவில் வீடு கட்ட முடியாது. ஊரில் யாரையாவது பொறுப்பில் விட்டால் சிமென்ட் மூட்டைக் கணக்கிலும் கம்பிக் கணக்கிலும் சொந்தம் முறிந்துபோகிறது. அண்ணன் தம்பிகள் பேசாமல் போன வீடுகளில் பாதிக் கதை இப்படிக் கட்டடக் கணக்கில்தான் தொடங்கியிருக்கும். விலை முன்பே தெரிந்த வீடு அந்தத் தலைவலியை எடுத்துவிடுகிறது.

பூர்வீக இடத்தில் கட்டலாமே என்பார்கள். பூர்வீக இடம் பெரும்பாலும் கூட்டுப் பட்டாவில் கிடக்கும். தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவைப் பேரன்கள் பதினொரு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும், அதில் இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு வங்கிக் கடன் கேட்பது பெரும்பாடு. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ஒரு மனை என்றால் தனிப் பட்டா வாங்குவது எளிது, கடனும் சீக்கிரம் கிடைக்கும். அடுக்குமாடி போல நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு என்கிற பேச்சும் இல்லை. காலடி மண் முழுக்க உங்களுடையது.

அப்புறம், பழைய ஊருக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்துகள் உண்டு. வயதானவர்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒட்டிய கழிப்பறை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அம்மாவை ராத்திரியில் கைத்தாங்கலாகக் கொல்லைக்குக் கூட்டிப்போனவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

கரையோர மணலில் நல்ல தண்ணீர் கிடைப்பது ஒரு அதிசயம் மாதிரித்தான். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீரை விட நல்லநீர் எடை குறைவு என்பதால் இப்படி. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்லநீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்லநீர் தாங்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்களின் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவரும். அதனால்தான் நம் ஊர்ப் பெண்கள் ஆழமாகத் தோண்டாமல், மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிறைத்தார்கள்.

இப்போது அதே மணலில் அறுபது வீட்டு நகர் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது வீட்டுக்கும் போர் (ஆழ்துளைக் கிணறு), அறுபது மோட்டார். முதல் வருடம் தண்ணீர் நன்றாக இருக்கும். வீடு விற்பவர் தைரியமாகக் குடித்துக் காட்டுவார், அதில் பொய் இல்லை. நான்கைந்து கோடை கழித்து அதே போரில் சோப்பு நுரைக்காது. தண்ணீர் வரவில்லையே என்று இன்னும் ஆழமாக இறக்கினால் உப்பைத்தான் தேடிப் போகிறோம். தனி வீட்டைவிடக் கூட்டமாகக் கட்டும் வீடுகளில் இந்த ஆபத்து அதிகம். எத்தனை வீடு நிற்கிறது என்று எண்ணுவதைவிட, எத்தனை மனைக்கு அங்கீகாரம் வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இதோடு கழிவுநீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியின் உறிஞ்சுகுழிக்கும் கிணறு அல்லது போருக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும் என்பது பொதுவான சுகாதார வழக்கம். மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. முப்பது அடி அகல மனையில் உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போரை ஒட்டி வந்துவிடும். மணல் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. பாதாளச் சாக்கடை இல்லாத நகரில் இதை யாரும் வரைபடத்தில் காட்டுவதில்லை. எல்லா வீட்டிலும் போர் ஒரே பக்கம், குழி எதிர்ப் பக்கம் என்று முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் அந்தப் பில்டர் மேல் எனக்குத் தனி மரியாதை வரும்.

குடிநீருக்குத் திருச்சி காவிரியிலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருக்கிறது. ஆனால் 'காவிரித் தண்ணீர் வசதி உண்டு' என்று விளம்பரத்தில் போடுவதும், உங்கள் வீட்டுக் குழாயில் அது வருவதும் வேறு வேறு. தெருவில் குழாய் பதித்திருக்கிறதா, பக்கத்து வீட்டுக்கு வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று அங்கே குடியிருக்கும் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

வருகிற தண்ணீரைப் போலவே போகிற தண்ணீரையும் பார்க்க வேண்டும். ராமநாதபுரத்தை வறண்ட மாவட்டம் என்றே பழகிவிட்டோம். ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் சொச்சம், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கும். வருட மழையில் பாதி ஒரு பகலில் வந்து விழுந்தால் அது பழைய பாதையைத்தான் தேடும்.

அந்தப் பாதை கண்மாய்களின் பாதை. வைகை கடைசியில் வந்து சேர்வதே ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான். அங்கிருந்தும் சக்கரக்கோட்டை போன்ற கண்மாய்களிலிருந்தும் மிஞ்சிய தண்ணீர் கலுங்கு என்கிற வடிகால் மதகைத் தாண்டிக் கடலை நோக்கிப் போகும். பத்து வருடம் தொடர்ந்து காய்ந்தால் வரத்துக்காலும் ஓடையும் தூர்ந்து சாதாரணப் புஞ்சை மாதிரிக் கிடக்கும். சித்திரையில் பார்க்கப் போகிறவர் கண்ணுக்கு மேடும் பள்ளமும் தெரியாது. கிராவல் அடித்து மட்டப்படுத்திவிட்டால் சுத்தமாகத் தெரியாது. கிராம வரைபடத்தையும், சர்வே எண்ணுக்கான அளவுப் படமான புலப்படத்தையும் வாங்கி, மனைப்பிரிவு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஓடை எங்கே போனது என்று தெரியும். பட்டா, நில விவரம் உள்ள அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வருவாய்த் துறை இணையதளத்திலேயே எடுக்கலாம்.

கிராவல் கொட்டி உயர்த்திய மனையில் இன்னொன்றும் உண்டு. கொட்டிய மண் சரியாக இறுகாமல் மேலே தரை போட்டால், இரண்டு மழைக்குப் பிறகு அடி இறங்கி டைல்ஸ் தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும். வீடு பார்க்கும்போது ஒரு நாணயத்தால் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள்.

கம்பியைத் தின்னும் உப்பு

இங்கே வீட்டில் காரை உதிர்ந்தால் கடல் காற்றின் மேல் பழி போடுவது வழக்கம். காற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும்பாலும் உப்பு கட்டும்போதே உள்ளே போயிருக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமென்ட்டின் காரத்தன்மை காப்பாற்றி வைத்திருக்கிறது. குளோரைடு உப்பு அந்தக் காப்பை உடைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி மேலே இருக்கும் காரையைத் தள்ளும். சன்ஷேடின் அடியில் கம்பி ஓடும் வழியே நேர்கோடாக ஒரு பழுப்பு நிறக் கீறல் வந்தால், உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பெயின்ட் அடித்தால் ஒரு வருடம் மறையும்.

ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரக் குறியீடு கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. கடற்கரைச் சூழலுக்கு வெளிப்பட்ட கான்கிரீட்டுக்கு எம்30 தரமும் (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடுதலும் கேட்கிறது. நம் ஊரில் சாதாரண வீட்டுக்கு எம்20 கலவையும், மூடுதலுக்கு இடம் விடக் கம்பிக்கு முட்டுக் கொடுக்கும் சின்ன கவர் பிளாக்கும்தான் பழக்கம். சில இடங்களில் கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுப்பார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 'டேங்கர் தண்ணீர் வாங்கித்தான் கான்கிரீட் போட்டோம்' என்று பில்டர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் பத்து நாள் நனைத்தது எந்தத் தண்ணீரில்? பெரும்பாலும் மனையில் இருக்கும் போர்த் தண்ணீரில்தான். பச்சைக் கான்கிரீட் அந்த உப்பை உறிஞ்சிக்கொள்ளும். செங்கல் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிவதும் இப்படித்தான், அதோடு தரைக்கடியில் ஈரத்தடுப்பு போடாததும் சேர்ந்துகொள்ளும்.

கட்டி முடித்த வீட்டின் உண்மையான குறை இதுதான். விலை, தூரம், தெருவிளக்கு எல்லாவற்றையும் நீங்கள் பார்த்து எடைபோடலாம். எந்தத் தண்ணீரில் கட்டினார்கள் என்பதை முடித்த வீட்டில் பார்க்க முடியாது, ஏழெட்டு வருடம் கழித்துத்தான் தெரியும். வங்கி கடன் கொடுத்துவிட்டதே என்று நிம்மதி அடைகிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது பத்திரத்தை. வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது விலையை. கம்பியை யாரும் பார்ப்பதில்லை.

காகிதத்தில் கவனிக்க வேண்டியது

'ரெரா அப்ரூவ்டு' என்ற வார்த்தையை நன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டும். ரெரா என்பது 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். அதன்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் பதிவு கட்டாயம். பதிவு செய்த திட்டத்தில் வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சாவி கொடுத்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நல்ல சட்டம்.

ஆனால் நம் பக்கத்தில் நடப்பது என்னவென்றால், மனைப்பிரிவை ஒருவர் போட்டு ரெராவில் பதிகிறார். அதில் நான்கு மனையை இன்னொருவர் வாங்கி நான்கு வீடு கட்டி விற்கிறார். விளம்பரத்தில் இருக்கும் எண் மனைகளுக்கானது. அந்த நான்கு வீடுகள் தனியாகப் பதிவாகவே இல்லை. சின்னக் கரை ஊர்களில் பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னதாகக் கட்டுவதால், ஐந்து வருடப் பொறுப்பை விற்பவரிடம் எழுத்தில் வாங்காமல் பணம் கொடுப்பது தவறு. எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டு, அது மனைக்கா வீட்டுக்கா என்று பார்த்துவிடுங்கள்.

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் செல்லாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடை போட்ட பிறகு, 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் வரன்முறையான மனைகள் சட்டப்படி சரிதான். ஆனால் தெரு குறுகலாகவும் பூங்கா இடம் இல்லாமலும் இருக்கலாம். தெருக்களை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். எழுதிக் கொடுக்காத தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சியில் போய்க் கேட்க முடியாது.

தேவஸ்தான நிலமும் வக்ஃப் நிலமும் கலந்து கிடக்கும் சீமை இது. தாய்ப் பத்திரம் தொடங்கி முப்பது வருட வில்லங்கச் சான்றாவது உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள், விற்பவர் காட்டும் வழக்கறிஞரிடம் இல்லை. கடல் தெரியும் வீடு என்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதிகள் வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் விவசாய நிலம் வாங்க முடியாது, வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். எனவே பத்திரத்தில் மனை அங்கீகார எண் இருப்பது அவர்களுக்கு இரட்டை அவசியம்.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் 3,60,000 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும்போதே பில்டரிடம் வாங்கினால் ஜிஎஸ்டி உண்டு: பொதுவாக 5 சதவீதம், 45 லட்சத்துக்குள்ளும் 90 சதுர மீட்டர் உட்பரப்புக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. இந்த வரியை மிச்சம் பிடிக்கத்தான் பலர் முடித்த வீட்டைத் தேடுகிறார்கள். இந்தக் கரையில் 1 சதவீதம் கட்டிவிட்டு, அஸ்திவாரத்திலிருந்து கண்ணால் பார்க்கிற வீட்டை வாங்குவது மேல் என்பது என் கருத்து.

விலை ஏறும் என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. பரமக்குடி - ராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்கு அதே ஆண்டு ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ராமேஸ்வரத்தில் விமான நிலையம் என்று மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பும் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் வாழப்போகும் வீட்டுக்கு, இன்றைக்கு ஓடுகிற பஸ்ஸுக்கும் இன்றைக்கு இருக்கிற பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் விலை கொடுக்க வேண்டும். மேலும், பாதி மனை காலியாகக் கிடக்கும் நகரில் உங்கள் பழைய வீட்டை விற்கப் போனால், பக்கத்திலேயே அதே பில்டர் புது வீடு காட்டுவார்.

தனிமையைப் பற்றிக் கணவர்கள் யோசிப்பதே இல்லை. வாங்குகிறவர்களில் பலர் வெளிநாட்டில் இருப்பதால் தெருவில் பூட்டிய கதவுகளே அதிகம். ஏழு மணிக்கு மேல் நாய் குரைப்பதைத் தவிரச் சத்தம் இல்லாத தெருவில், இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் இருக்கப்போவது என் தங்கை. அவளிடம் கேட்டபோது, "அண்ணே, வீடு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, கூப்பிட்டா ஆள் வர்ற எடமா பாருங்க" என்றாள்.

மாப்பிள்ளையிடம் கார்த்திகை வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு, விலை ஏறிவிடும் என்றார். ஐப்பசிக் கடைசியில் ஒரு ராத்திரி விடாமல் பெய்தது. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வளைவுக்கு உள்ளே முழங்கால் தண்ணீர். தேங்கி நிற்கவில்லை, வடமேற்கு மூலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கிரானைட் படியில் இரண்டு படி தண்ணீருக்குள். அதை வீடியோ எடுத்து அனுப்பினேன்.

பிறகு ஊரை ஒட்டி, ஏற்கெனவே குடும்பங்கள் இருக்கும் ஒரு தெருவில், கட்டத் தொடங்கியிருந்த வீடு ஒன்றைப் பேசி முடித்தோம். கலவைக்கும் நனைப்புக்கும் டேங்கர் தண்ணீர், வெளிப்பக்கக் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடுதல், ஐந்து வருடப் பொறுப்பு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம். விலையில் கொஞ்சம் கூடத்தான் ஆனது. தை மாதம் பில்லர் போடும் அன்று காலை, அஸ்திவாரக் குழிக்குப் பக்கத்தில் டேங்கர் வந்து நின்றதைப் படம் எடுத்துக் கத்தாருக்கு அனுப்பினேன். அங்கே அப்போது விடியக்கூட இல்லை. உடனே பதில் வந்தது: "டிடிஎஸ் பார்த்தீங்களா மச்சான்?"